அம்மா சறுக்கிய மலை

ராணுவத்தில் இருந்த என் தாய்மாமன் காஷ்மீரிலிருந்து எங்களைக் கூப்பிட்டு எழுதியபோது, அம்மாவை அழைத்துப் போவதா என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார். வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகையைத் தாண்டி எங்கும் போகாதவள், குளிர் தாங்கமாட்டாள் என்பது அவர் எண்ணம். கடைசியில் மூன்று பேரும் ரயில் ஏறினோம். எனக்கு அப்போது ஏழு வயது.

மாமா எங்களை மலைமேல் ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். மரங்களுக்கிடையே இரண்டு மான்கள் நின்றன. அதைத் தாண்டியதும் பெரிய பனிச் சரிவு. நீளமான பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ஆட்கள் சறுக்கி இறங்கினார்கள்.

எதையும் முதலில் செய்துகாட்டுவது அப்பாவின் வழக்கம். அன்றும் காட்டினார். மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"நானும் ஒருதபா பாக்கறேன்" என்றாள் அம்மா.

"இன்னா வெளையாட்டா? கால் கை போச்சுன்னா?" என்றார் அப்பா.

"மழையில நாத்துக்கட்டு தூக்கிகினு வரப்புல நடக்கறவ நான். இங்க தலையில சுமைகூட இல்ல."

மாமா சிரித்துக்கொண்டே பலகைகளை மாட்டிவிட்டார். உள்ளே மாமாவின் கம்பளிக் கால்சட்டை, மேலே புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். பத்தடி போனதும் விழுந்தாள். நான் அழத் தயாரானேன். அவளோ எழுந்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கண்ணை எதிரே வைத்து மறுபடி கிளம்பினாள். இந்த முறை விழவில்லை. முந்தானை அவிழ்ந்து பின்னால் பறக்க, சரிவின் அடிவரை போய், நிறுத்தத் தெரியாமல் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

சறுக்கக் கற்றுக்கொடுப்பவர் கைதட்டினார். இந்தியில் ஏதோ கேட்டார்.

"எத்தினி வருசமா பழகறாங்கன்னு கேக்கறாரு" என்று அப்பாவிடம் சொன்னார் என் மாமா. அப்பா, அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

அம்மா பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். பிறகு இன்னொரு முறை, அதற்குப் பிறகும் ஒரு முறை. குளிருகிறது, போகலாம் என்று நான் கீழேயிருந்து கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னை மறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே கோபம். அன்று அவளுக்கு இருபத்தைந்து வயதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.