நான் வயதாக்கிய பிராந்தி

மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு செய்துவந்த காலம். மது என்பதை நான் வாயில் வைத்ததில்லை. ஆனாலும் என் மகளின் டைபாய்டுக்கு எங்கெங்கோ அலைந்து மருந்து கொண்டுவந்த பக்கத்து வீட்டு லூயி சேட்டனுக்காக, ஒரு கப்பல் பட்லரிடம் கோன்யாக் பிராந்தி கேட்டேன். மூன்று நட்சத்திரம் போட்டது இளசு, வி.எஸ்.ஓ.பி. மூத்தது, விலையும் கூடுதல் என்றார். என் கஞ்சப் புத்தி விழித்துக்கொண்டது. ஆயுர்வேத அரிஷ்டம் மாதிரி வைக்க வைக்க வீரியம் ஏறுவதுதானே, இளசை வாங்கி நாமே வயதாக்கினால் போயிற்று என்று அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பத்து வருடம் கழித்து சேட்டனின் மகள் கல்யாண விருந்தில் அதை நீட்டினேன்.

"நட்சத்திரத்தைப் பார்க்காதீங்கோ சேட்டா. எங்காத்திலேயே பத்து வருஷம் ஆயாச்சு. இப்போ இது வி.எஸ்.ஓ.பி.க்கும் மேலே."

அவர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உறவினர்களிடம், "இது எங்க சாமி பத்து வர்ஷம் காத்து வெச்சது. மற்றதெல்லாம் பின்னே போதும்" என்று முதலில் அதையே ஊற்றினார். இரண்டாவது கோப்பையைக் குடித்துவிட்டு, "வயசு தெரியுது சாமி" என்றார்.

மறுவருடம் வேறொரு பட்லர் சொல்லித்தான் தெரிந்தது: மரப்பீப்பாயில் இருக்கும்வரைதான் பிராந்திக்கு வயது ஏறும், குப்பியில் அடைத்தால் நின்றுவிடும்.

லூயி சேட்டன் முப்பது வருடமாகக் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தவர்; அதில் பிராந்தியும் உண்டு என்பதையும் அந்த பட்லர்தான் சொன்னார்.

இன்றும் யாரையாவது திருத்த வாயெடுத்தால், அந்த இரண்டாவது கோப்பை என்னைத் தடுத்துவிடுகிறது.