கடைசி பஸ்ஸுக்குப் பிறகு சாப்பாடு

ரஞ்சிதத்தைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கத்து ஆமினாவாகிய நான் அவளைத் திட்டாத நாள் குறைவு.

அவள் புருஷன் சுந்தரம் பஸ் ஓட்டுபவர். மாலை ஷிஃப்ட். கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அவர் வீடு திரும்பும்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கே உறங்கியிருக்கும். அதுவரை ரஞ்சிதம் சோற்றில் கை வைக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் மாமியார் சொல்லி வைத்த வழக்கம் அது. மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் வழக்கம் மட்டும் போகவில்லை. விடிந்தால் பள்ளிக்கூடக் கேன்டீனில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் கோப்பியும் இரண்டு பிஸ்கட்டும். அவர் வந்த பிறகு சோறு, குழம்பு, பொரியல் என்று எல்லாவற்றையும் சுடவைத்து இருவரும் சாப்பிட்டுவிட்டு, கையோடு படுத்துவிடுவார்கள்.

“நோன்பு மாசத்துல நாங்ககூட பொழுது சாஞ்சதும் நோன்பு திறந்துடுறோம். நீ வருஷம் பூரா பிடிக்கிறியே, உனக்கென்ன கேடு?” என்று கேட்பேன்.

“அவரு தனியா உட்காந்து சாப்பிடணுமாக்கா? தொண்டையில எறங்குமா?” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு மேல் என்ன திட்டுவது?

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. வருஷம் போகப்போக மாத்திரையும் கூடியது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பாலிகிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். கீரை, மீன், கொஞ்சம் சோறு, இனிப்பே கிடையாது என்பாள். அத்தனையும் உண்மை. தேக்கா சந்தைக்குக் கீரை வாங்க என்னையும் இழுத்துக்கொண்டுதான் போவாள். எப்போது சாப்பிடுகிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. புருஷனுக்காகக் காத்திருப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது, டயாலிசிஸ் வரை போகாமல் தடுக்கப் பார்ப்போம் என்று சொல்லி உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சுந்தரம் லீவு போட்டு வந்தார். துணைக்கு நானும் போனேன். அனுப்ரியா என்று சின்னப் பெண். “ஆன்ட்டி, லாஸ்ட் மீல் எத்தனை மணிக்கு?” என்றாள். ரஞ்சிதம் பெருமையாகவே சொன்னாள். அந்தப் பெண் டைப் செய்வதை நிறுத்திவிட்டாள்.

“ஆன்ட்டி, உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. மூளை வெளிச்சத்தைப் பாத்து நேரம் வெச்சுக்கும். ஈரல், குடல் எல்லாம் சாப்பாட்டைப் பாத்து வெச்சுக்கும். ரெண்டும் ஒத்துப்போகணும். ராத்திரி ஆனா இன்சுலின் சரியா வேலை செய்யாது. மூடின கடையில போய் சரக்கு இறக்குற மாதிரிதான். அதே சோத்தை மத்தியானம் சாப்பிட்டா சுகர் இவ்வளவு ஏறாது. இது மட்டுமே காரணம்னு சொல்லல, இதுவும் ஒரு காரணம். இனிமே சாயங்காலமே சாப்பிட்டுடுங்க.”

“அப்போ இவரு?” என்றாள் ரஞ்சிதம்.

சுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் பிரேக்ல பஸ் இன்டர்சேஞ்ச் கேன்டீன்லயே சாப்பிட்டுடுவேன். எப்பவுமே அப்படித்தான்.”

“அப்புறம் வீட்டுல?”

“நான் உட்காரலைன்னா நீ சாப்பிட மாட்டியே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது? ஒருத்தர் பட்டினி கிடந்தார், இன்னொருத்தர் பசியில்லாமல் தின்றார், இரண்டும் அன்புதான். அங்கே அழாத ரஞ்சிதம் பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் என் தோளில் சாய்ந்துவிட்டாள். “அள்ளி அள்ளி வெச்சேனேக்கா. வேணாம்னு ஒரு நாள் சொல்லலையே இந்த மனுஷன்.”

அதன் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே என் வீட்டு மேசையில் வந்து சாப்பிட்டாள். தனியாகச் சாப்பிட அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. சிறுநீரகம் மட்டும் தேறவில்லை. டயாலிசிஸ் தொடங்கியதும் சுந்தரம் கெஞ்சிக் கேட்டுக் காலை ஷிஃப்டுக்கு மாறினார். கொஞ்ச காலம் இருவரும் பொழுதோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போன மழைக்காலத்தில் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது சாயங்காலமானால் சுந்தரத்துக்கு ஒரு தட்டு அனுப்புகிறேன். நேற்று அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“கடைசி பஸ் விட்டுட்டு வருவேனே, அந்த நேரத்துக்கு இன்னும் முழிப்பு வந்துடுதுக்கா. அப்பல்லாம் பசிக்காமதான் சாப்பிட்டேன். இப்ப நெஜமாவே பசிக்குது.”

“எழுந்து ஏதாவது வாயில போட்டுக்க வேண்டியதுதானே?” என்று அதட்டினேன்.

“தனியாவா?” என்றார்.