எழுதி வைக்காத ஒரு வரி

நஷ்வாவைக் கண்டாலே ஷௌக்கிக்கு வயிறு எரியும். கெய்ரோவில் பரீட்சை முடிவுகளை இணையத்தில் போடுகிற கம்பெனியில் பதினோரு வருஷமாக ப்ராக்ஸி சர்வரைக் கட்டி மேய்க்கிறவன் அவன். அவளோ நேற்று வந்தவள். நெட்வொர்க் பிரிவின் தலைவர் பதவிக்கு அவள் பெயரும் அடிபடுகிறதாம்! பிறகு எப்படிச் சோறு இறங்கும்?

பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரே சர்வர் வழியாகத்தான் மார்க் பார்க்க வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் அது உள்ளே ஒரு போர்ட், அதாவது ஒரு வாசல், திறக்கும். மொத்தமே இருபத்தெட்டாயிரம் போர்ட்தான். வருஷா வருஷம் முடிவு நாளுக்கு முன்னால் ஷௌக்கி ஒரு வரி தட்டி அதை அறுபதாயிரத்துக்கு மேல் ஏற்றுவான். எங்கேயும் எழுதி வைக்க மாட்டான், சர்வர் எழும்போது படிக்கிற கட்டளைக் கோப்பில்கூட. சர்வரை அணைத்து மறுபடி போட்டால் போச்சு, பழையபடி இருபத்தெட்டாயிரம். தன்னைவிட்டால் ஆளில்லை என்றிருக்கட்டுமாம், என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

இந்த வருஷம் முடிவு நாள் காலையில் நஷ்வா அப்டேட் போட்டு சர்வரை அணைத்து மறுபடி போட்டாள். முந்தின நாள் ஷௌக்கி தட்டியிருந்த வரி அதோடு போச்சு. ஷௌக்கி பார்த்துக்கொண்டேதான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு முடிவு வந்தது. பத்தே நிமிஷத்தில் எல்லாம் நின்றது. மேனேஜர் மித்ஹத் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நாடே நம்மளத் திட்டுது!"

"மெஷின் சும்மாதான் சார் கிடக்கு. ஆனா யாரையும் உள்ள விட மாட்டேங்குது," என்றாள் நஷ்வா.

ஷௌக்கிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவித்த மொச்சை வைத்த ஃபூல் சாண்ட்விச்சை நிதானமாகத் தின்று முடித்தான், கை துடைத்தான், வந்து ஒரு வரி தட்டினான். முடிவுகள் மளமளவென்று திறந்தன.

"எர்ரர் லாகக்கூடப் பாக்காமலா?" என்றாள் நஷ்வா. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அனுபவம்மா. கடைல கிடைக்காது."

சாயங்காலம் மித்ஹத் கூப்பிட்டார். ஷௌக்கி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

"நேத்து வரைக்கும் உன்னத்தான் தலைவரா நெனச்சிருந்தேன்யா. இன்னிக்குதான் புரிஞ்சுது, நீ நகர்ந்தா அந்த சர்வர் நாறிடும். நீ அங்கயே இரு. தலைவர் வேலைய நஷ்வா பாக்கட்டும்."

"சார், அது ஒரே ஒரு வரிதான்! எழுதிப் போட்டா யார் வேணா பாத்துக்கலாம்!"

"அப்படியா?" மித்ஹத் நிமிர்ந்தார். "அப்போ பதினோரு வருஷமா ஏன் எழுதல?"

ஷௌக்கி கதவைப் பார்த்து நடந்தான். வெளியே நஷ்வா தலைவரான சந்தோஷத்தில் எல்லாருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். ஒரே மடக்கில் குடித்தான்.

"இனிப்பே இல்ல," என்றான்.