வரிசைக் கடைசியில் ஒருத்தி

மைதானத்தில் அவளுக்குப் பெயர் விசில் மேடம். முதுகுக்குப் பின்னால் வெறும் விசில். "விசில் வருதுடா" என்று ஒருவன் சொன்னால் போதும், மரத்தடியில் அரட்டையடிக்கும் மாணவர் படைக் கேடட்டுகள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசைக்கு ஓடுவார்கள். தோளைக் குறுக்கிக்கொண்டு வந்து சேரும் பள்ளிப் பிள்ளைகளை நிமிர்ந்து நடக்க வைத்து அனுப்புவது அவள் வேலை. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், உரத்த தொண்டை ஒன்று போதும். அவள் பேர் வாங்கியது வேறொன்றில்.

ஜோடி முறை என்று அதற்குப் பெயர். சேர்ந்த அன்றே ஒவ்வொரு கேடட்டுக்கும் ஒரு ஜோடி. சனிக்கிழமை அணிவகுப்பில் எவரும் தன்னைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, ஜோடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "உன் ஜோடி எப்படி இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். "கால் நகம் பேந்திருக்கு மேடம்." "வீட்ல சண்டை மேடம், தூங்காம வந்திருக்கான்." இப்படி வரவேண்டும் பதில். "நல்லா இருக்கான் மேடம்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. சொன்னவனும் அவன் ஜோடியும் வரிசையை விட்டு விலகிப் போய், அணிவகுப்பு முடியும்வரை மைதானத்து ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நல்லா இருக்கான்னா நீ பாக்கலன்னு அர்த்தம்" என்பாள். "தன் முதுகு தனக்குத் தெரியாது. அதைப் பாக்கத்தான் உனக்கு ஒருத்தனைக் குடுத்திருக்கேன். தலைவன்னா மாரை நிமித்திட்டு முன்னாடி நடக்கறவன் இல்ல. பின்னாடி எவன் நொண்டுறான்னு திரும்பிப் பாக்கறவன்."

சும்மா சொல்லக் கூடாது, அந்த முறையால் நல்லது நடந்திருக்கிறது. அப்பாவுக்கு வேலை போய், வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்த ஒருவனைப் பற்றி அவன் ஜோடி சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் முதல் பயிற்சிக்கு முன்னால் அணி முழுவதற்கும் ரொட்டியும் பாலும் வந்தது, அவன் ஒருவனுக்கென்று தெரியாதபடி. வீட்டை விட்டு ஓடத் துணிமணி கட்டி வைத்திருந்த ஒருத்தியை அவள் ஜோடி கையைப் பிடித்து இழுத்து வந்து மேடம் முன்னால் நிறுத்தினாள். ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் கறிக்கு உதவிய பாடம் அது.

அந்தப் பாடத்தை அவள் கற்றது தன் முழங்காலில். அவளும் இந்தப் பிள்ளைகள் வயதில் கேடட்டாக இருந்தவள்தான். ராணுவத்தில் சேருவது என்று ஒற்றைக்காலில் நின்றவள். ஒரு நீண்ட நடைப்பயிற்சியில் மூட்டு பிசகியது. கேட்டவர்களிடமெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று வீம்புக்குச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து, கடைசியில் நடுச்சாலையில் விழுந்தாள். மூட்டும் போயிற்று, ராணுவமும் போயிற்று. அன்று முதல் அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல்.

இப்படிப்பட்டவளின் மகள் அணியில் சேர்ந்தபோது எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்துவிட்டது. யாராவது ஒருவர் ஜோடியில்லாமல் நின்றாக வேண்டும். சொந்த மகளுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்கிற பயம் விசில் மேடத்துக்கு. "நீ கடைசியில நில்லு. உனக்குத்தான் வீட்லயே நான் இருக்கேனே, நானே உன் ஜோடி" என்றாள். மகளும் போய் நின்றாள். கேள்வி ஒவ்வொரு ஜோடியாக வந்து அவளுக்கு முந்திய ஆளோடு நின்றுவிடும், ஏனென்றால் அவளைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. மைதானத்தில் "அம்மா" என்று கூப்பிடவும் தடை. அங்கே எல்லாருக்கும் போல அவளுக்கும் மேடம்தான்.

புது பூட்ஸ் வந்திறங்கிய அன்று மற்றவர்கள் அளவு பார்த்து எடுத்த பிறகு மிஞ்சியது மகளுக்கு. "கொஞ்சம் கடிக்குது மேடம்" என்றாள். ஆயிரம் வேலைக்கு நடுவில் இருந்த தாய், பழக்க தோஷத்தில், "உன்னைப் பத்தி நீயே சொல்லக் கூடாதுன்னு தெரியாதா? உன் ஜோடி சொல்லட்டும்" என்றாள். அணி மொத்தமும் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் சொன்னதில்லை. தாய்க்கு அந்தப் பேச்சு அன்றைக்கே மறந்துபோனது.

மகளோடு யாரும் சேர மாட்டார்கள். விசிலின் மகளிடம் வாயைக் கொடுத்தால் சேதி விசில் காதுக்குப் போகும் என்று பயம். அவளைக் கண்டதும் பேச்சு நிற்கும். மதியச் சாப்பாட்டை சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த இந்த விஷயம் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. எல்லார் முதுகையும் பார்த்துத் திருத்துபவளின் லட்சணம் இது. விளக்கடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

விசில் மேடத்தின் கணவர் சரக்கு லாரி ஓட்டுபவர், வீடு தங்குவது அபூர்வம். போகிற இடத்திலிருந்தெல்லாம் சாயங்காலம் போன் பண்ணுவார். "பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உங்களுக்கு லோடு ஏத்தியாச்சா?"

ஜோடி முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோவதாகப் பேச்சு. பந்தல், நாற்காலி, போட்டோக்காரர் என்று மைதானம் அமளிப்பட்டது. அதிகாரி சிரித்த முகக்காரர். ஒவ்வொரு ஜோடியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் பிளந்து கட்டினார்கள். அவர் திரும்பித் திரும்பி விசில் மேடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இத்தனை வருட உழைப்புக்கு இன்றைக்குத்தான் கூலி என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசைக் கடைசியில் அவர் நின்றார். "உன் ஜோடி யாரும்மா? காணோமே?"

"மேடம்தான் சார்."

"ஆசிரியையே ஜோடியா? சபாஷ்! சரி, உன் ஜோடி எப்படி இருக்காங்க?"

மகள் நேரே பார்த்தபடி சொன்னாள். "வலது முட்டி வீங்கியிருக்கு சார். படி இறங்கறப்போ கம்பியைப் பிடிச்சுக்கறாங்க. யாராவது பாத்தா கையை எடுத்துடுவாங்க. நீங்க வரப்போறீங்கன்னு தெரிஞ்சதிலிருந்து சரியா சாப்பிடல. ரொம்ப சத்தம் போட்டா பயந்திருக்காங்கன்னு அர்த்தம் சார்."

விசில் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பியைப் பிடிப்பது கணவருக்கே தெரியாது. இவள் எப்போது பார்த்தாள்?

அதிகாரி கைதட்டிவிட்டார். "இதுதான் பயிற்சி! இப்ப உங்க முறை மேடம். உங்க ஜோடி எப்படி இருக்காங்க?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்தாள். மகளின் மதிப்பெண் தெரியும். சாப்பாட்டு டப்பா காலியாக வருவது தெரியும். வேறென்ன? எதற்குப் பயப்படுவாள், யாரோடு பேசுவாள், கடைசியாக எப்போது அழுதாள்? துழாவித் துழாவிப் பார்த்தாள், கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. போட்டோக்காரர் வேறு காமிராவைத் தூக்கினார்.

"நல்லா இருக்கா சார்."

மகள் ஒரு சல்யூட் அடித்தாள், வரிசையை விட்டு விலகினாள், மைதானத்து ஓரத்துக்கு நடந்து போய் மண்ணில் உட்கார்ந்தாள். கோபமாகப் போகவில்லை, விதிப்படி போனாள். உட்கார்ந்ததும் பூட்ஸைக் கழற்றினாள். குதிகாலில் காலுறை ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை மெல்லப் பிய்த்து எடுத்தாள்.

"என்னாச்சு?" என்றார் அதிகாரி.

பக்கத்தில் நின்ற கேடட் பழக்கத்தில் சொல்லிவிட்டான். "ரூல் சார். நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டா ரெண்டு பேருமே போய் உட்காரணும்."

ரெண்டு பேருமே. அத்தனை கண்களும் இப்போது விசில் மேடத்தின் மேல். மகளுக்குப் பக்கத்தில் மண் காலியாக இருந்தது. முட்டி நோகுமே என்றுகூட மகள் யோசித்தாளோ என்னவோ, சற்று நகர்ந்து, சாய்ந்துகொள்ளச் சுவர் உள்ள பக்கத்தை விட்டு வைத்திருந்தாள். பத்தடிதான். நடந்து போய் உட்கார்ந்திருக்கலாம். பெற்ற மனசு போ போ என்றது. ஆனால் அதிகாரி இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், காமிரா இருக்கிறது. அவள் விசிலை வாயில் வைத்து ஊதினாள். அணி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருந்தை எடுத்துக்கொண்டு மகளின் காலடியில் உட்கார்ந்தாள். "புண்ணு இந்த அளவுக்கு வந்திருக்கு. ஏன்டி சொல்லல?"

"சொன்னேன் மேடம். ஜோடி சொல்லட்டும்னீங்க."

வீட்டுக்குள் அவள் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு மருந்தை அம்மா கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை மகள் யூனிஃபார்மைத் துவைத்துத் தேய்த்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, ஸ்டோர் ரூமில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. ஜோடி முறை இனி எல்லாப் பள்ளிகளிலும். அடுத்த சனிக்கிழமை அணி இரட்டைப்படையாக இருந்தது, எல்லாருக்கும் ஜோடி இருந்தது, கடைசியில் எவரும் தனியாக நிற்கவில்லை. எண்ணிப் பார்த்த விசில் மேடம் ஊதுவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கணவர் போன் பண்ணினார். லாரி இரைச்சலுக்கு நடுவே வழக்கம்போலக் கேட்டார். "பொண்ணு எப்படி இருக்கா?"

அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினாள். கூடத்தில் நின்றபடி மகளின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"கதவைச் சாத்தியிருக்கா" என்றாள்.

"என்னது? கேக்கல, சத்தமா சொல்லு."

"கதவைச் சாத்தியிருக்கா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."