இடது கைக்கு இரண்டு விரல் அகலம்

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு அது மேல். என் அக்கா ரவிக்கை தைப்பதற்காக வெட்டி வைத்திருந்த காகிதக் கையை எடுத்து, ஒரு முட்டை லாரியின் வாட்டர் பம்புக்கு பேக்கிங் வெட்டிப் போட்டேன். இரண்டு கைகளில் இடது கையை. அதுவும் திருட்டுத்தனமாக இல்லை, பெருமையாக.

லாரி வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் தண்ணீர் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் தடித்த காகிதம்தான் பேக்கிங். கடையில் ஷீட்டாகக் கிடைக்கும். கிடைக்காத வேளையில் நாமக்கல் மெக்கானிக்கின் கண்ணில் பட்ட எந்தத் தடித்த காகிதமும் தப்பாது. பம்பின் வாயில் காகிதத்தை வைத்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டே போனால் அச்சு அசலாக வெட்டுப்பட்டு வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை, ஒருமுறை என் ஜாதக நோட்டின் மேலட்டை என்று எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறேன். அந்த லாரி இன்னும் ஓடுகிறது. என் ஜாதகம்தான் ஓடவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சேந்தமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா காலமான பிறகு அக்கா அங்கே தனியாக இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர் வேலை. அவள் கொக்கி வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், தெரிந்த டிரைவர் ஒருவர் தெருமுனையில் பம்பு ஒழுகுகிறது என்று வந்து நின்றார். ஸ்பேர் கடைகள் எல்லாம் அடைப்பு. உள்ளே திரும்பிப் பார்த்தேன். தையல் மேசையில் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய இரண்டு கைகள் கிடந்தன. நல்ல கனமான காகிதம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். முப்பது வருஷமாகக் கண்ணாலேயே அளவெடுக்கிற ஆசாமி அல்லவா நான்? அக்கா தப்பாக வெட்டிவிட்டாள் என்று தீர்ப்புச் சொல்லி, பெரியதை எடுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது அவள் மேசைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"இங்க ரெண்டு கை இருந்துச்சே, ஒண்ணு எங்கடா?"

"பெருசா தப்பா வெட்டியிருந்தியே, அதத்தான் எடுத்தேன். சரியானத உட்டுட்டேன் பாரு" என்றேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா மிச்சமிருந்த காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கொல்லிமலைக் காற்று, குளிர்கிறது போல என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். "நீ பாத்தா சரியாத்தாண்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த இரண்டு விரல் அகலம் என்ன என்பதை அவள் இறந்துபோன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால் கோயம்புத்தூரில் அக்காவுக்கு ஓர் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பை என்று என்னிடம் சொன்னார்கள். பெண்கள் சமாச்சாரம் என்று நானும் தள்ளி நின்றேன். கூடப் போனவள் என் மனைவி மட்டும். எடுத்தது கர்ப்பப்பையை அல்ல, இடது மார்பை. புற்று. அக்குளுக்குள் இருந்த முடிச்சுகளையும் எடுத்ததால் அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கியது. வீங்கும், கொஞ்சம் வற்றும், மறுபடி வீங்கும். அந்தக் கையையும் அந்தப் பக்கத்தையும் யார் கண்ணும் நின்று பார்க்காதபடி உடுத்திக்கொண்டு, தினமும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். 'ஐயோ பாவம்' என்ற முகத்தை ஒருவரிடமும் பார்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கான காகிதத்தைத்தான் நான் பம்புக்குள் வைத்து போல்ட்டை முடுக்கினேன்.

இப்போதைய டெய்லர்கள் தைக்கிற ரவிக்கை அவளுக்கு ஆகவில்லை. முதுகும் கழுத்தும் இறங்கி, கையோ ஒரு விரலைக்கூட நுழைக்க முடியாத பிடிப்பு. அளவு கொடுக்கப் போனால் டேப் எங்கெல்லாம் சுற்றி வரும் என்பது வேறு. அந்தச் சமயத்தில்தான், பள்ளிக்கூட வேலையாக சேலம் போனவள், அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பழைய பேப்பர் கடையில் ஒரு மூட்டையைப் பார்த்திருக்கிறாள். யாரோ ஒரு தையல்கார அம்மாளின் பேட்டர்ன்கள். கழுத்து காதருகே ஏறும் மாடல், தோளில் கொசுவம் வைத்துப் புடைத்து நிற்கும் கை, முழங்கை வரை வந்து தளர்ந்து முடியும் கை, முன்பக்கம் சுருக்கு வைத்த தளர்ந்த உடம்பு. பழைய படங்களில் கதாநாயகிகள் போட்டுக்கொண்டு வீணை வாசிப்பார்களே, அந்த வகை. ஒவ்வொரு கட்டின் மேலும் யாருக்காக வெட்டியது என்று பென்சிலில் எழுதியிருந்தது. 'போஸ்டாபீஸ் அம்மா.' 'டாக்டர் வீட்டுப் பெரிய மருமகள்.' 'மேட்டுத்தெரு டீச்சர், கழுத்தை இன்னும் ஏற்று.'

ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்களை அக்கா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். ஒவ்வொரு பேட்டர்னையும் தன் அளவுக்குத் திருத்தி, மல் துணியிலும் பாப்ளினிலும் தைத்து, கல்யாணத்தின்போது வந்த கைத்தறிச் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜோடி சேர்த்தாள். பழைய ரவிக்கைகள் அத்தனையையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் பதினொரு ரவிக்கைகள். பீரோவைத் திறந்தால் ஒரு காலமே வரிசையாகத் தொங்கியது. காலையில் போன் செய்தால், "இன்னிக்கு டாக்டர் ஊட்டு மருமவளாக்கும், மரியாதையாப் பேசு" என்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் மாடல் கேட்டு அவளைச் சுற்றி நின்றார்களாம். பெண்பிள்ளைகள் மாடிப்படியில் காத்திருந்து, இன்றைக்கு என்ன கை என்று பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வெறும் அலங்கார ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் விடுவேனா? எங்கள் வீட்டு வாசலில் அவள் வந்து இறங்கினாலே, "படம் ஆரம்பிச்சாச்சு, லைட்ட அணைங்க" என்று உள்ளே குரல் கொடுப்பேன். மாமன் மகன் கல்யாணத்தில் எல்லோருக்கும் நடுவே அவள் தோளைக் காட்டி, "இந்தக் கைக்குள்ள ரெண்டு கோழிய அடைச்சு வெக்கலாம், பண்ணைக்கு ஆளு வேணுமா?" என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "போடா கிரீஸ் டப்பா" என்றாள். என் மனைவி மட்டும் சாம்பார் வாளியோடு நின்று என்னைப் பார்த்தாள். சாம்பாரில் உப்புக் குறைவோ என்று நினைத்தேன்.

பேக்கிங் வெட்டிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அப்படித்தான். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மீன் வாங்கி வரச் சொல்லி மறந்துவிட்டேன், அதற்குத்தான் என்று முடிவுகட்டி, மூன்றாம் நாள் இரண்டு கிலோ வாங்கிப் போனேன். அவள் வாங்கி வைத்துவிட்டு, நங்கைக்கு உடம்பு சரியில்லை, போய்வருகிறேன் என்று சேந்தமங்கலம் பஸ் ஏறினாள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். அன்று இருவரும் உட்கார்ந்து, வீங்கிய கையை நாலு இடத்தில் அளந்து, அந்தப் பேட்டர்னை மறுபடி முதலிலிருந்து போட்டிருக்கிறார்கள். முதல் தடவை சரியாக வருவதற்கு ஒரு மாதம் ஆகியிருந்ததாம். நான் இங்கே தனியாக உட்கார்ந்து மீனை முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

போன வருஷம் அந்தப் புற்று ஈரலுக்குப் பரவியது. ஈரல் கோளாறு என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். நானும் கீழாநெல்லி தேடி அலைந்தேன். சொன்னதை அப்படியே நம்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். கட்டிலிலும் அவள் கழுத்து ஏறிய ரவிக்கையோடுதான் இருந்தாள். காற்றாட நைட்டி போடச் சொல்லுங்கள் என்று நான் ஒருநாள் சத்தம்கூடப் போட்டேன். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளே கண்ணைத் திறந்தாள்.

"ஏஞ்சாமி பேசாம உக்காந்திருக்கறே? எதாச்சும் சொல்லு. நீ வாய மூடுனா எனக்கு பயமா இருக்குது."

மேட்டுத்தெரு டீச்சர் இன்றைக்கு லீவு போட்டுவிட்டார்களா, பிள்ளைகள் எல்லாம் மாடிப்படியில் காத்துக்கிடக்கிறார்களே என்றேன். சிரிக்கப் பார்த்தாள். பாதிதான் வந்தது. நான்கு நாள் கழித்துப் போய்விட்டாள்.

குளிப்பாட்டும் நேரத்தில் என் மனைவி அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். பங்காளி வீட்டுப் பெண்கள் வெளியே நின்று முணுமுணுத்தார்கள். ஊர் வழக்கம் தெரியாதவள் என்று ஒரு பெரியம்மா என் காதுபடவே சொன்னார். எனக்கும் கோபம் வந்தது. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது. கதவு திறந்தபோது அக்கா சுங்கடிச் சேலையும், போஸ்டாபீஸ் அம்மாவின் வெள்ளை ரவிக்கையுமாகப் படுத்திருந்தாள். இரண்டு தோளும் ஒரே அளவில் நின்றன. கடைசியாகப் பார்க்க வந்த டீச்சர்களில் ஒருத்தி, அப்போதும் அந்தக் கழுத்தின் தையலைத்தான் பார்த்தாள்.

காரியம் முடிந்து சேந்தமங்கலம் வீட்டைக் காலி செய்யப் போனோம். பீரோவில் மிச்சம் பத்து ரவிக்கைகள். மடித்து வைக்கலாம் என்று ஒன்றைத் தோளில் பிடித்துத் தூக்கினேன். இடது கை வலதைவிட அகலம். அடுத்ததை எடுத்தேன். அதுவும். பத்தையும் கட்டிலில் பரப்பினேன். பத்திலும் அதே இரண்டு விரல். சிலதில் இரண்டரை. இடது பக்கத்தின் உள்ளே ஒரு துணிப் பை, அதற்குள் இலவம் பஞ்சு, கையால் போட்ட பொடித் தையல். யாருக்கும் தெரியாமல் இருக்க என்ன பாடுபட்டிருக்கிறாள் என்று விரலுக்குத் தெரிந்தது, மூளைக்கு ஏற நேரமாயிற்று. தப்பாக வெட்டியதை ஒருத்தி பத்துத் தடவை தைப்பாளா?

என் மனைவி சமையலறையில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ரவிக்கையோடு போய் அவள் எதிரே நின்றேன். அவள் அதைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். கோயம்புத்தூர், கட்டு பிரித்த நாள், பஸ்ஸில் யாரும் இடிக்காமல் இருக்க ஜன்னலோரமே உட்கார்ந்து வந்தது, தம்பியிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று அக்கா வாங்கிக்கொண்ட சத்தியம். சொல்லி முடித்துவிட்டு மூக்கைச் சிந்தி, மறுபடி பாத்திரத்தை எடுத்தாள்.

எனக்குக் கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. கோழி ஞாபகம் வந்தது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு தோளையும் விட்டுவிட்டு அந்தத் தோளையா காட்டினேன்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? தெரிஞ்சிருந்தா அக்காவ ஒருநாளாச்சும் கேலி பண்ணியிருப்பனா?" என்று கேட்டேன்.

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அதுக்குத்தான் சொல்லலீங்க."