ஒரே ஃபிரேமில் நிற்க மாட்டோம்

கல்யாணப் போட்டோகிராபர் என்றால் படம் எடுப்பவன் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் நிஜமான வேலை, படம் எடுப்பது நடுநடுவே கிடைக்கிற ஓய்வு என்பது பிறகுதான் தெரிந்தது. உறையூரில் கடை. வீடியோவுக்குக் கூட்டாளி சேகர்.

நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாவிட்டாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். கல்யாண மேடையில் "ஒரு குரூப் போட்டோ, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டதும் நாலைந்து பேர் நைசாகக் கை கழுவப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் தேடிக்கொண்டு பந்தி வரைக்கும் ஓடுகிறவன் நான்தான்.

பூச்சாடி நின்ற இடம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிட்டையர்ட் ஆபீசருக்கு சஷ்டியப்தபூர்த்தி எடுத்துக் கொடுத்தேன். ஆல்பம் டிசைன் முடிந்த சமயத்தில் போன் செய்தார். சம்பந்தியோடு மனஸ்தாபமாம். அந்த மனிதர் ஒரு படத்தில்கூட இருக்கக் கூடாதாம். சம்பந்தியோ எல்லாப் படத்திலும் சரியாக நடுவில் நிற்கிறார். கண் பூத்துப்போகும் அளவுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவரை ஒவ்வொரு படத்திலிருந்தும் எடுத்தேன். முக்கியமான குடும்பப் படத்தில் அவர் இருந்த இடம் ஓட்டையாகத் தெரிந்ததால் அங்கே ஒரு பெரிய பூச்சாடியை வைத்தேன்.

பிரிண்ட் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், சோபாவில் அந்தச் சம்பந்தியே உட்கார்ந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "பெருமாள் கிருபையில எல்லாம் சரியாயிடுத்து, இவரைப் பழையபடி சேர்த்துடுங்கோ" என்றார். அப்படியானால் பூச்சாடியை எடுத்துவிடுகிறேன் என்றேன். ஆல்பத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் இருக்கட்டுமே. இவர் இல்லாதபோது அதுதானே எங்க பக்கத்துல நின்னுது."

ஃபேன் காற்று

இதாவது முடிந்த சண்டை. முடியாத சண்டை ஒன்று சுகன்யா கல்யாணத்தில் என் தலையில் விழுந்தது. உறையூர்ப் பெண். நிச்சயதார்த்தத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, எங்க அம்மாவும் துறையூர் மாமாவும் ஒரே போட்டோவுல வேணும். வேற எது விட்டுப்போனாலும் பரவால்ல" என்றாள். ஒரு பெண் இவ்வளவு சின்ன ஆசை சொல்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். விஷயம் பிறகு வந்தது.

அவளுக்குக் கோயிலில் காது குத்திய நாளில், அம்மாவின் தம்பியான துறையூர் மாமா ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல நேரம் தாண்டுகிறதென்று, அங்கிருந்த ஒன்றுவிட்ட மாமா செல்வத்தின் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த்தட்டோடு ஓடி வந்த மாமாவிடம் சுகன்யாவின் அம்மா விஜயா, "மனசிருந்தா நடந்தாவது வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். மாமா தட்டைக் கோயில் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அக்கா வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வருகிறார், சீர் செய்கிறார், சாப்பிடுகிறார். அக்காவோடு பேச்சு மட்டும் கிடையாது. "என் காதால வந்த சண்டைண்ணா" என்றாள் சுகன்யா. அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கே இருவரையும் மேடைக்கு வரவழைத்தேன். அம்மா வலது பக்கம் வந்தால் மாமா இடது பக்கம் இறங்குகிறார். மாமாவைப் பிடித்து நிறுத்தினால் அம்மாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடுகிறது. பொறுக்க முடியாமல் மாமாவிடமே நேராகக் கேட்டேன், ஒரு நிமிஷம் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எனக்கு யார் மேலயும் கோவமில்ல தம்பி. அந்தப் பக்கம் ஃபேன் காத்து எனக்கு ஒத்துக்காது."

நடுவில் ஒரு ஆள்

நலங்கு வைக்கிற நாள். மாமா சீர்த்தட்டுகளோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா காபி கொண்டுவந்தார். இருவருக்கும் நடுவில் கேமராவோடு நான். கையை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொட்டுவிடலாம். ஆனால் அம்மா என்னைப் பார்த்து, "அவரைக் காபி எடுத்துக்கச் சொல்லுங்க தம்பி" என்கிறார். மாமா என்னைப் பார்த்து, "இப்பத்தான் குடிச்சேன்னு சொல்லுங்க தம்பி" என்கிறார். "எங்கயும் குடிச்சிருக்க மாட்டாரு, விடியக்காலையிலேயே கிளம்பியிருப்பாருன்னு சொல்லுங்க." "சர்க்கரை போட்டிருக்கான்னு கேளுங்க."

நான் போட்டோகிராபரா, டெலிபோன் ஒயரா? கேமராவைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. நலங்கு மணையில் உட்கார்ந்திருந்த சுகன்யாவின் கண் எங்கள் மூன்று பேர் மேலும்தான் இருந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன். விஜயாம்மா டம்ளரை என் கையில் திணித்தார். "அவருக்கு ரெண்டு ஸ்பூன்னு எனக்குத் தெரியாதா? ஆறிடப் போவுது, குடிக்கச் சொல்லுங்க."

காவிரிப் பாலம்

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறைப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் பார்த்தால் காமாட்சி விளக்கை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறதென்று விஜயாம்மாவுக்குத்தான் தெரியும். அவரே ஆட்டோவில் உறையூருக்குப் போனார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. திருச்சிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் கட்டிய பிறகுதான் மணவறைக்கு அழைப்பார்கள். மாமா பட்டத்தோடு தயாராக நின்றார். ஐயர், "நேரமாயிண்டிருக்கு, கட்டுங்கோ" என்றார். பாலத்திலிருந்து விஜயாம்மாவே சுகன்யாவின் போனுக்குக் கூப்பிட்டு, "என்னைப் பார்க்காதீங்க, ஆரம்பிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டார். செல்வம் மாமா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கட்டுப்பா, நல்ல நேரம் போவுது" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். துறையூர் மாமா அசையவில்லை. "அக்கா வரட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதும் சுகன்யா அப்படியே குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்குகிறது. ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கோ வெளிச்சம் மாறிக்கொண்டே போகிறது, தோள் வலிக்கிறது, இந்த மனிதர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்கிறார். கடைசியில் விஜயாம்மா விளக்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து, பட்டுப்புடவை எல்லாம் புழுதியாக உள்ளே ஓடிவந்தார். பாலத்திலேயே ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டாராம். மாமா அக்காவின் காலைப் பார்த்தார். "நடந்தேவா வந்த?" என்று கேட்டார். "ஆமாடா" என்றார் அம்மா, அழுதுகொண்டே. மாமா சொன்னார்: "சரி, அதான் வந்துட்டல்ல. மூச்சு வாங்கிக்க. அப்புறம் கட்டுவோம்."

செல்வத்தின் கை

இந்த ஒரு விநாடிக்காகத்தான் நிச்சயதார்த்தத்திலிருந்து நாய் படாத பாடு பட்டேன். பட்டனை அழுத்தினேன். சரியாக அதே விநாடியில் செல்வம் மாமாவின் கை, செல்போனோடு, குறுக்கே நீண்டது. அக்கா கன்னத்தில் பாதியும் தம்பி தோளில் பாதியும் அவர் முழங்கைக்குப் பின்னால். வீடியோவிலாவது இருக்குமென்று சேகரைப் பார்த்தால், அவன் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். பிறகு இருவரையும் மேடையில் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். ஒரு முரண்டும் பண்ணாமல் நின்றார்கள். ஆதார் கார்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

கடையில் உட்கார்ந்து, அந்த முதல் படத்திலிருந்து செல்வத்தின் கையை எடுத்தேன். மறைந்த கன்னத்தையும் தோளையும் வேறு படங்களிலிருந்து கொண்டுவந்து ஒட்டினேன். தையல் தெரியவில்லை. என் வேலையில் எனக்கே இவ்வளவு திருப்தி எப்போதாவதுதான் வரும். டிசைன் பார்க்க சுகன்யா, அம்மா, மாமா மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். சுகன்யா படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "அன்னைக்கு இங்க ஒரு கை இருந்துச்சேண்ணா?" என்றாள். இருந்தது, பெருமையாக எடுத்துவிட்டேன் என்றேன். யார் கை என்று மாமா கேட்டார். சொன்னேன். நானும் சேகரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், மறுபடியும் முதலிலிருந்தா என்று.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு மடி, இன்னைக்குக் கை. புள்ளைக்கு நல்லது நடக்கறப்பல்லாம் அவன் கூடவே இருந்திருக்கான். திரும்ப வச்சுடுங்க தம்பி."

மனிதர்கள் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்வது ரொம்ப நல்ல விஷயம்தான், அதை நான் எடிட்டிங்கில் உட்காருவதற்கு முன்னாலேயே செய்துதொலைத்தால் என்ன என்பதுதான் என் ஒரே கேள்வி.