பட்டுப் பெட்டிக்குத் தாழ்ப்பாள்

இரும்புக் கடையில் புதுத் தாழ்ப்பாளைக் கையில் எடுத்ததும், அந்த எண்ணெய் வாசனையில் எனக்குப் பழைய எரிச்சல்தான் வந்தது. எழுபதுகளில், ஆரணியில் எங்கள் தறிக்குப் பக்கத்தில் பட்டு நூல் வைக்கும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு வயதுத் தம்பி அதைத் திறந்து, நூலை இழுத்துச் சிக்காக்கிவிடுவான்.

"பேஜாரா கீது, கடையில ஒரு தாப்பா வாங்கினு வாங்களேன்" என்பாள் அம்மா.

"இரும்பு வாணாம். துரு ஒட்டினா நூலு கெட்டுடும்" என்று அப்பா தானே செய்ய உட்கார்ந்துவிடுவார். தறியில் குறுக்கே ஓடும் மர நாடா உடைந்துபோனதை அறுத்துச் செய்த திருகுக் கட்டையை இரண்டே நாளில் தம்பி திருப்பப் பழகிக்கொண்டான். மூங்கிலைச் சீவிச் செருகிய முளை மழை ஈரத்தில் ஊதி, அப்பாவையே அரை நாள் திறக்கவிடவில்லை. கழிவுப் பட்டு நூலை முறுக்கிப் போட்ட சுருக்கோ, வழவழவென்று தானாகவே கழன்று விழுந்தது. அடுத்தது சரியாக வந்துவிடும் என்பார் ஒவ்வொரு முறையும்.

"அதுவரைக்கும் நீ பொட்டி மேல குந்திகினு இரும்மா" என்பார் என்னிடம்.

தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடும் சத்தத்தைக் கேட்டபடி, தறி அடிக்கும்போதெல்லாம் மூடி அதிர, கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்பேன். அப்பா கண்டுபிடித்த தாழ்ப்பாள்களிலேயே ஒழுங்காக வேலை செய்தது நான் ஒருத்திதான்.